மனிதக் குரல் அல்ல

கலாமணியின் பேச்சைப் போன் முதன்முதலாக வெட்டியது ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் ஓவியாவுக்கு விடுதியில் அந்த நேரத்தில்தான் போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆறு மணியானால் அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு மகளைக் கூப்பிடுவது கலாமணியின் வழக்கம்.

“ஓவியா, சாப்ட்டியா கண்ணு? வயித்து வலி தேவலையா...”

அதற்குமேல் போகவில்லை. இணைப்பு அறுந்து திரையில் இரண்டு வரி வந்து நின்றது. ‘இது மனிதக் குரல் அல்ல. விதிகளின்படி அழைப்பு நிறுத்தப்பட்டது.’

ஏதோ சிக்னல் கோளாறு என்று மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே வரிகள். மூன்றாவது முறை வெட்டியதோடு, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு அவள் எண்ணையே பூட்டிவிட்டது. கணவர் சென்னியப்பன் தறிப் பட்டறையிலிருந்து வந்ததும் அவருடைய போனை வாங்கினாள். அவர் “அலோ, ஓவியாவா?” என்ற வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கலாமணி வாங்கிப் பேசிய நாலாவது நொடியில் அதுவும் நின்றது.

“எம்போனையும் கெடுத்துப்போட்டியா?” என்று சிரித்தார் சென்னியப்பன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அந்த ஆடி மாதம்தான் புது விதி நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் ஊரெல்லாம் கள்ளக் குரல்களின் அட்டகாசம். மகன் குரலில் ஒரு போன் வரும். “அம்மா, ஆக்சிடென்ட் ஆயிருச்சும்மா” என்று அழும். பெற்றவளே ஏமாந்துபோவாள். பேசுவது ஆளா கருவியா என்று தெரியாமல் ஜனங்கள் போனை எடுக்கவே பயந்த பிறகு, எல்லாப் போன் கம்பெனிகளும் ஒரு வடிகட்டி வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு அழைப்பிலும், பேசும் ஒவ்வொரு குரலின் முதல் நாலு நொடியையும் அது கேட்கும். மனிதக் குரலென்றால் விட்டுவிடும். உரிமம் இல்லாத இயந்திரக் குரலென்றால் வெட்டிவிடும். நல்ல சட்டம் என்று கலாமணியே பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள்.

தன் குரல் எப்படி அதில் மாட்டியது என்று யோசிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு அவள் ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மைக்கில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தாள். தீபாவளிக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகள்கூட அந்தக் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்தும் என்பார்கள். துணியெடுக்க வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு அழைத்துப்போனார். பதினோரு நாள், குளிரூட்டிய ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆறாயிரம் வாக்கியங்களைப் படித்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டாள். ஒரு தொகை கொடுத்தார்கள். ஓவியாவுக்குக் கம்மல் வாங்கினாள்.

அந்தக் குரலுக்குக் கம்பெனி ‘மிழலை’ என்று பேர் வைத்தது. இரண்டு வருஷத்துக்குள் லிஃப்டில் மிழலை, ரேஷன் கடையில் மிழலை, பஸ் ஸ்டாண்டில் மிழலை, ஆஸ்பத்திரி டோக்கனில் மிழலை என்று ஆகிவிட்டது. கடைசியில் அந்த ஜவுளிக்கடையே மைக்குக்கு மிழலையை வைத்துக்கொண்டு கலாமணியைச் சேலைப் பிரிவுக்கு மாற்றியது. அங்கே அவள் “இந்த பார்டர் பாருங்க” என்றால் வாங்க வந்தவர்கள் கூரையில் ஒலிபெருக்கியைத் தேடுவார்கள். குழந்தைகள் “மிழலை அக்கா” என்று கையைக் கிள்ளிப் பார்க்கும். ஒரு நாள் கூச்சம் தாளாமல் வேலையை விட்டுவிட்டாள்.

போன் வெட்டிய அடுத்த வாரம், கணவரும் மனைவியுமாகக் கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போனார்கள். அங்கே சட்டப் பிரிவில் ஷெரின் என்ற பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும், நாகர்கோவில் பக்கம். கலாமணி வாயைத் திறந்ததும் ஷெரின் ஒரு கணம் கண்களை மூடித் திறந்தாள்.

“மன்னிச்சுக்கிடுங்க மேடம். எங்க ஆபீஸ் லிஃப்ட், வாசல், கேன்டீன் எல்லாத்துலயும் நீங்கதான். நேர்ல கேக்கது ஒரு மாதிரி இருக்கு.”

“எம் பொண்ணுகிட்ட நான் பேசோணும்ங்க மேடம். அவ்வளவுதான். அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க.”

“உங்க லெட்டரைப் பாத்ததுமே, உங்க எண்ணை மட்டும் விட்டுரச் சொல்லிப் போன் கம்பெனிகளுக்கு நாங்களே எழுதிக் கேட்டுப் பார்த்தோம். முடியாதுன்னுட்டாங்க.”

“ஏனுங்க? நான் மனுசிதானுங்க?”

“அது எனக்குத் தெரியும். வடிகட்டி ஆளைப் பாக்காது மேடம், குரலைத்தான் பாக்கும். எண்ணை எவன் வேணும்னாலும் போலியா காட்டிரலாம். உங்களுக்குக் கதவைத் திறந்தா, உங்க குரல்ல பேசுத ஒண்ணேகால் கோடி கருவிக்கும் திறந்த மாதிரிதான். நாளைக்கே கள்ளப் பயலுவ எல்லாம் மிழலையை வச்சுப் போன் பண்ணுவானுவ.”

“அப்போ அந்தக் கருவிய நிறுத்துங்க. மூலம் நானுங்களே. அதுதானே நகல்?”

ஷெரின் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “ஒப்பந்தத்துல குரல் கம்பெனிக்குச் சொந்தம்னு இருக்கு மேடம். இப்போ பதிவேட்டுல மூலம்னு இருக்கது மிழலை. நீங்க... அதோட ஒத்துப்போற இன்னொரு குரல்.”

திரும்பி வரும் பஸ்ஸில் பெருந்துறை தாண்டிய பிறகு, “நான் பேசறேன் உனக்குப் பதிலா. என்ன கேக்கோணுமோ எங்கிட்டச் சொல்லு” என்றார் சென்னியப்பன்.

அப்படித்தான் நடந்தது. மாலை ஆறு மணிக்குச் சென்னியப்பன் போனைப் பிடித்துக்கொள்வார். கலாமணி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டுவாள். வாயைத் திறந்தால் பின்னணியில் கேட்டே வெட்டிவிடும். “அம்மா கேக்கறா, தலைக்கு எண்ணெய் வெக்கறியான்னு” என்று அவர் கூச்சத்தோடு கேட்பார். ஓவியா சிரிப்பாள். கலாமணியும் சத்தம் வராமல் சிரிப்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். ஆண்பிள்ளை மாதிரி கரகரத்துப் பார்த்தாள். வடிகட்டி எதற்கும் மசியவில்லை. ஐப்பசியில் கடுமையான சளி பிடித்துத் தொண்டை கட்டியபோது மட்டும் இரண்டு நாள் விட்டது. அந்த இரண்டு நாளும் தாயும் மகளும் விடாமல் பேசினார்கள்.

“சளி பிடிச்சா சந்தோஷப்படற ஒரே ஆளு நீதாம்மா” என்றாள் ஓவியா.

அதன்பிறகு கலாமணி ஐஸ் தண்ணீராகக் குடித்துப் பார்த்தாள். தொண்டையில் புண் வந்ததே தவிரச் சளி வரவில்லை. டாக்டர் திட்டியதும் விட்டுவிட்டாள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த சென்னியப்பன், கை கழுவப் போனவர், தண்ணீர்த் தொட்டியோரம் சரிந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணிபோல் தொங்கியது. கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டாள். “எங்க வீட்டுக்காரரு விழுந்துட்டாருங்க, ஈரோடு சூளை, மாரியம்மன் கோயில்...” வெட்டியது. மறுபடி போட்டாள். இந்த முறை தெருப் பேரை முதலில் சொன்னாள். அதற்குள் நாலு நொடி ஓடிவிட்டது. மூன்றாவது முறை அவள் பேசவே இல்லை, அலறினாள். அந்த அலறலையும் அது அடையாளம் கண்டுகொண்டது. எண் பூட்டப்பட்டது. கணவர் சட்டைப் பையிலிருந்த போனிலும் அதேதான் நடந்தது. ஆம்புலன்ஸுக்கென்று இருந்த செயலியில் முகவரியெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் ‘பேசி உறுதி செய்யவும்’ என்று வந்து நின்றது. ஓவியாவுக்குச் செய்தி அனுப்பினாள். வகுப்பு நேரம், போன் வார்டனிடம் இருக்கும் என்பது அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். இரண்டு பக்கமும் தறிக்கூடங்கள். நூறு தறி ஒரே நேரத்தில் ஓடும் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடி, நூல் மூட்டை ஏற்றிப்போன ஒரு வண்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அந்த டிரைவர் நல்ல மனுஷன். மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டுச் சென்னியப்பனைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். ஆனால் அவருக்குத் தெரிந்தது பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் இல்லை, பெரிய டாக்டர் சாயந்தரம்தான் வருவார். அங்கிருந்து இன்னொரு இடம். சரியான இடத்துக்கு வந்து சேர ஐந்து மணி நேரமாகிவிட்டது.

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டு ரத்தக்கட்டியைக் கரைச்சிருக்கலாம்” என்றார் டாக்டர். “ஏன் ஆம்புலன்ஸ் கூப்பிடலை?”

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கலாமணிக்குத் தெரியவில்லை.

இருபது நாள் கழித்துச் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். வலது பக்கம் அசையவில்லை. பேச்சு போயிருந்தது. தெருவில் இருந்த ஒரு வக்கீலம்மா கோயம்புத்தூர் கம்பெனிமேல் நுகர்வோர் வழக்குப் போட்டுக் கொடுத்தார். “அந்த மூணு போனும் நாலு நாலு நொடி பதிவாயிருக்கும். நீங்க கோர்ட்டுல வந்து நின்னு நடந்ததை வாயால சொன்னாப் போதும், அவங்க ஆடிப்போயிருவாங்க” என்றார். பங்குனியில் விசாரணை என்று தேதி வந்தது.

மாசிக் கடைசியில் ஷெரின் வீட்டுக்கே வந்தாள். கட்டிலில் படுத்திருந்த சென்னியப்பனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கலாமணிதான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

“எங்க கம்பெனியில ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க மேடம்” என்றாள் ஷெரின். “உங்க போன் இன்னைக்கே வேலை செய்யும். ஆம்புலன்ஸ், மகள், யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். யாரும் வெட்ட மாட்டாங்க.”

“என்னங்க வழி?”

“உரிமம் வாங்கின இயந்திரக் குரலை வடிகட்டி விட்டுருமில்லியா? மிழலையோட ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவு எண் இருக்கு. அதுல ஒண்ணா உங்களையும் சேத்துக்கிடலாம்னு...”

கலாமணிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், “நான் மிஷினுன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணுங்களா?” என்று கேட்டாள்.

“காகிதத்துல மட்டும்தான் மேடம்.”

“வழக்கு?”

ஷெரின் தரையைப் பார்த்தாள். “கருவி வழக்குப் போட முடியாது. சாட்சியும் சொல்ல முடியாது. அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் சம்மதிச்சாங்க. இதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. சொல்லாம இருக்க முடியலை.” கொஞ்சம் பொறுத்து, “இன்னொரு நிபந்தனையும் இருக்கு. உரிமம் உள்ள கருவி, யாராவது கூப்பிட்டா எடுக்காம இருக்கக் கூடாது. நீங்க எடுக்க முடியாதப்போ சிஸ்டம் பதில் சொல்லிக்கிடும்” என்றாள்.

‘அப்புறம் பேசுகிறேன்’ என்று ஏதாவது சொல்லும்போல என்று கலாமணி நினைத்துக்கொண்டாள். அவள் மனசு அதில் இல்லை. இரண்டாவது தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். பகலெல்லாம் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் லேசாக இருமினால்கூட அவள் கை போனைத் தேடும். தேடிவிட்டு, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைவு வந்து வாசலைப் பார்ப்பாள்.

“நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?”

ஷெரினின் கண் கலங்கியிருந்தது. காகிதங்களை எடுத்து வைத்துவிட்டு, “வேண்டாம்னு நீங்க சொன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருவேன்” என்று மட்டும் சொன்னாள்.

கலாமணி கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இடது கையைத் தூக்கிக்கூட வேண்டாம் என்று காட்டினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்குப் போன் வேலை செய்தது. மறுமுனையில் முதலில் அவள் குரலிலேயே ஓர் அறிவிப்புப் போனது: ‘நீங்கள் பேசப்போவது உரிமம் பெற்ற ஒரு மிழலைக் கருவியுடன்.’ அது முடிந்ததும் ஏழெட்டு மாதத்துப் பேச்சு கொட்டியது. ஓவியா அழுதாள். அறிவிப்பைப் பற்றிக் கலாமணி விளக்கிச் சொன்னதும், “அது என்னமோ சொல்லிட்டுப் போகுது. நீ பேசும்மா” என்றாள்.

பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராம் நாள், சென்னியப்பனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கலாமணி கூப்பிட்டபோது ஓவியாவின் குரலில் ஒரு தெளிவு இருந்தது.

“அம்மா, லெட்டர் குடுத்துட்டேன். பிரின்சிபால் ஒரு தடவை யோசின்னாங்க. யோசிச்சாச்சு, எங்கம்மாவும் சரின்னுட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

“என்ன லெட்டர் கண்ணு?”

“காலேஜ விட்டு நிக்கறதுக்குத்தான். நேத்து மதியம் வார்டன்கிட்டக் கெஞ்சிப் போன வாங்கிப் பேசினேனில்ல? நீ ஒருத்தியா அப்பாவத் தூக்கி, குளிப்பாட்டி... நான் வந்துடறேம்மா. நேத்துப் பயந்துக்கிட்டேதான் சொன்னேன். நீ திட்டுவேன்னு நெனச்சேன். நீ திட்டவே இல்ல. ‘நீ எந்த முடிவெடுத்தாலும் நான் உங்கூட இருக்கேன் கண்ணு, மனசப் போட்டு ஒழப்பிக்காதே’ன்னே. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஒரு மணி நேரம் அழுதேன் உங்கிட்ட.”

நேற்று மதியம் கலாமணி கணவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். போன் சமையலறையில் கிடந்தது. அடித்த மாதிரிகூட அவளுக்கு நினைவில்லை.

கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. ஒன்பதாம் நாள் ஆறுதல் வாக்கியங்கள் படித்தபோது, இன்னும் கொஞ்சம் ஈரம் வேண்டும், உங்கள் மகளிடம் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே நினைத்துக்கொண்டுதான் படித்தாள். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

“ஓவியா,” என்றாள். “நேத்து நான் பேசலடி.”

“என்னம்மா?”

“நேத்துப் பேசுனது நான் இல்ல கண்ணு. நான் போனே எடுக்கல. அந்த மிழலை எடுத்திருக்குது.”

விடுதியில் யாரோ வாளியை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

“அப்போ நான் யார்கிட்டம்மா அழுதேன்?”

கலாமணி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“இப்போ பேசறது?” என்றாள் ஓவியா. சொன்னவள் தானே பயந்துபோய் உடனே, “இல்ல, தெரியுது, நீதான். நீதானே? அம்மா, வெச்சிடறேன். இனிமே நீ கூப்பிடாதே. நான் வர்றேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

கலாமணி போனை அலமாரியில் வைத்தாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் போன் போய்விடும். வழக்கு ஏற்கெனவே போய்விட்டது. கட்டிலில் இருந்து சென்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்க அவருக்கு வாய் இல்லை. சொல்ல அவளுக்கு மனசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஓவியா வந்தாள். தோளில் பை, பஸ்ஸில் தூங்காத கண். வாசலில் நின்று உள்ளே எட்டி அப்பாவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்க முயன்றுவிட்டு, நேராகச் சமையலறைக்கு வந்தாள். கலாமணியின் இரண்டு தோளையும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“பேசும்மா. உன் வாயப் பாத்துக்கிட்டே நான் கேக்கோணும்.”

கலாமணி மகளைப் பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பத்தொன்பது வயசு. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவதற்காகப் படிப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.

நீ எந்த முடிவெடுத்தாலும் நான் உங்கூட இருக்கேன் கண்ணு.

அதே வாக்கியம்தான் அவள் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. அவளுக்கே திடுக்கென்றது. மிழலை ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. அந்த நேரத்தில் தான் என்ன சொல்லியிருப்பாளோ அதைத்தான் அது சொல்லியிருக்கிறது. வேறு சொல் தேடினாள். “பயப்படாதே சாமி” என்று வந்தது. அதையும் அந்தக் கண்ணாடி அறையில் படித்திருந்தாள். “நான் இருக்கேன்ல” என்று வந்தது. அதையும்தான். ஓவியாவின் கண்கள் அவள் உதட்டிலேயே இருந்தன. இதில் எதைச் சொன்னாலும் அந்தக் கைகள் தோளிலிருந்து விலகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

கலாமணி அந்தச் சொற்களையெல்லாம் விழுங்கினாள்.

“கூறுகெட்ட கழுதை!” என்று கத்தினாள். “யாரக் கேட்டுடி லெட்டர் குடுத்தே? ரெண்டு வருசப் படிப்பத் தூக்கிச் சாக்கடைல போடறதுக்கா உங்கப்பன் தறிப் பட்டறைல கெடந்து எண்ணெயும் கிரீஸுமா உழைச்சாரு? நாளைக்கு மொதப் பஸ்ஸுக்குக் கெளம்பறே. அந்தப் பிரின்சிபாலம்மா கால்ல உழுந்தாவது லெட்டரத் திருப்பி வாங்கறே. உங்கப்பனப் பாத்துக்க எனக்குத் தெரியும். உன்ன யாரும் கூப்பிடல!”

ஓவியாவின் முகம் கோணி, உடைந்தது. அழுகையும் சிரிப்புமாக அப்படியே அம்மாவின் மேல் சாய்ந்தாள்.

“நீதாம்மா. நீயேதான். அது இப்படித் திட்டாது.” தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்கிட்ட எப்பவும் இப்படியே பேசும்மா. போன்லயும் திட்டு. அப்பத்தான் எனக்குத் தெரியும்.”

“ம்” என்றாள் கலாமணி.

அவள் கை மகளின் தலையைத் தடவியது; சிக்குப் பிடித்த முடியை விரலால் பிரித்துவிட்டது. உதடுகளை மட்டும் பல்லால் கடித்து மூடிக்கொண்டிருந்தாள்.